வெயில் காணாத குலைகள்

முதலில் பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்டுக் கொள்கிறேன். நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். மறதியும் கூடிப் போச்சு. முந்தி நடந்ததைப் பிந்தியும் பிந்தி நடந்ததை முந்தியும் எழுதி விடுவேன். ஆக்களுக்கு முன்னால் கதைக்கவே கூச்சப்படுகிற எனக்கு, மருதமுனைப் பெண்பிள்ளைகள் நடத்துகிற இந்தச் சஞ்சிகைக்குப் பயணக் கதை ஒன்று எழுதித் தாங்க மாமி என்று கேட்டதும் மாட்டேன் என்றுதான் வாயில் வந்தது. எழுதத் தொடங்கினால் மகளின் கதையையும் எழுத வேண்டி வரும். அவளிடம் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "எழுதுங்க உம்மா, மறைச்சுக் கண்டது போதும்" என்றாள்.

என் மருமகன் றமீஸ் அவுஸ்திரேலியாவில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்தவர். ஊரில் கேட்கிறவர்களுக்குப் பழத்தோட்டம் என்று மட்டும்தான் சொல்வோம். அது தின்கிற பழமில்லை, வைன் வடிக்கிற பழம். மருமகனுக்கும் அது நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது. வேறு வேலை கிடைத்தால் மாறுவேன் மாமி என்று போனில் சொல்லிக் கொண்டே இருப்பார். மாற முந்தி மௌத்தாகிப் போனார். திராட்சைக் கொடிக்குப் பக்கத்தில், வேலை செய்து கொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சு நோவு.

மகள் நஸ்லியா அங்கேயே இத்தா இருந்தாள். புருசன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல், நகை நட்டு, பூச்சு, நிறச் சீலை ஒன்றும் இல்லாமல் வீட்டோடு இருப்பதுதான் இத்தா. மற்றச் சமயத்துச் சகோதரிகளும் வாசிக்கக் கூடும் என்று சொல்லி வைக்கிறேன். எனக்கு விசா கிடைக்கும்போது அது முடியக் கொஞ்ச நாள்தான் மிச்சம். முடிந்ததும் மகளைக் கையோடு ஊருக்குக் கூட்டி வருவது, நான் போன காரியம் அது ஒன்றுதான்.

எனக்கு நடக்க முடியும். ஆனாலும் வழி தவறி விடுவேன் என்று சக்கரக் கதிரை சொல்லி விட்டிருந்தார்கள். நடுவில் இறங்கின விமான நிலையத்தில் என்னைப் போலச் சக்கரக் கதிரைக் கிழவிகளை ஒரு கண்ணாடிச் சுவருக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி, எல்லாருக்கும் ஒரே மாதிரிப் போர்வையைப் போர்த்தி விட்டுத் தள்ளிக் கொண்டு வந்தவர்கள் போய் விட்டார்கள். ஒருத்தரும் ஒருத்தரோடும் கதைக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த மனுசி கண்ணைத் திறந்தபடியே அசையாமல் இருந்தா. மூச்சு இருக்கிறதா என்று அவவின் போர்வையைப் பார்த்துக் கொண்டே இருந்தேன். கடைசியில் அவ இருமினா. எனக்கு உயிர் வந்தது.

இறங்கின இடத்தில் ஒரு நாய் வந்து என் பையை மணந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டது. நெத்தலிக் கருவாட்டைத்தான் கண்டுபிடித்திருக்கிறது. கையுறை போட்ட ஒரு பொடியன் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து என்னவோ கேட்டான். "ஓம், மீன்" என்றேன். அவன் சிரிக்கவே இல்லை. மௌத்தான ஒருத்தரின் மையித்தை எடுத்துப் போகிற மாதிரி அடக்கமாகக் கொண்டு போய்விட்டான். கல்முனைக் கடையில் வாங்கின மாங்காய் அச்சாற்றுப் போத்தலை மட்டும் விட்டுத் தந்தான்.

அடிலெயிட்டில் ஊர்ப்பிள்ளை ஒருத்தி என்னைப் பஸ்ஸில் ஏற்றி விட்டாள். தோட்டத்துப் பெரிய மனுசி ஹெலன் இறங்குகிற இடத்தில் காத்திருப்பா என்று சொல்லி விட்டாள். அந்த பஸ்ஸில் பாட்டில்லை, நெருக்கில்லை, கடலை விற்கிறவன் இல்லை. அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினால் இறங்க முந்தி பக்கத்து மனுசியின் பேரப்பிள்ளைகளின் பேர் எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். இங்கே ஆளுக்கொரு யன்னல், ஆளுக்கொரு மௌனம்.

ஒரு கடையடியில் பஸ் நின்றது. ரைவர் என்னவோ சொன்னான், எல்லாரும் இறங்கினார்கள். நானும் பையோடு இறங்கினேன். இதுதானா இடம் என்று கேட்க வாய் வரவில்லை. ஹெலன் வருவா என்று றோட்டின் மறுகரையில் நிழல் தேடிப் போய் நின்றேன். அவர்கள் தேத்தண்ணி குடிக்க இறங்கினவர்கள். குடித்துவிட்டு ஏறிப் போய்விட்டார்கள். பஸ்ஸின் முதுகைத்தான் கண்டேன்.

உச்சி வெயில். கடைக்காரனும் கதவைச் சாத்திவிட்டான். எனக்குப் பின்னால் திராட்சைத் தோட்டம் கண்ணுக்கெட்டின தூரம் கிடந்தது. ஆனால் பச்சை இல்லை. ஒவ்வொரு வரிசையையும் தலை முதல் கால் வரை வெள்ளைத் துணி மாதிரி ஒரு வலையால் போர்த்து, அடியில் முடிந்து விட்டிருந்தார்கள். கபன் துணி சுற்றின மையித்துகளை நீட்டுக்கு அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. சுனாமிக்கு அடுத்த நாள் எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் முற்றத்தில் கண்டதற்குப் பிறகு அவ்வளவு வெள்ளையை ஒரே இடத்தில் நான் கண்டதில்லை.

அப்போது வெடிச்சத்தம் கேட்டது. மண் அதிர்ந்தது. நான் அப்படியே குந்திவிட்டேன். எங்கள் பக்கத்து ஆக்களுக்கு அது பழக்கம், கால் தானாக மடியும். ஆளைக் காணவில்லை, புகையைக் காணவில்லை. கொஞ்சம் கழித்து ஒரு பருந்து கத்தினது. வானத்தில் பருந்து இல்லை. அதே கத்தல், அதே நீளம், திரும்பவும். பிறகு திரும்பவும். ஒரு கம்பத்தில் கட்டின பெட்டிக்குள் இருந்துதான் அது கத்துகிறது என்று கண்டேன். இறக்காமத்தில் யானைக்கு வெடி போடுகிற மாதிரி இங்கே குருவியை விரட்ட வெடியும் பருந்துச் சத்தமும் போடுகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த நேரம் தெரியாது. ஆயத்துல் குர்ஸியை ஓதிக் கொண்டு வலைக்குள் பார்த்தேன். இலைகளுக்கு நடுவில் வெள்ளைப் பெட்டிகள் தொங்கின. சின்னப் பிள்ளையின் தலை அளவு. ஒன்றல்ல, வரிசையாக. காற்றில்லாத நேரத்தில் அதில் ஒன்று மட்டும் மெல்லத் திரும்பினது.

பஸ்ஸில் என்னைக் காணாமல் தேடிக் கொண்டு ஹெலன் பிக்கப்பில் வந்து சேர்ந்தா. உயரமான, என் வயதுக்குக் கிட்டின மனுசி. தொப்பி, வெடித்த உதடு, ஆம்பிளைச் சப்பாத்து. அவ வாய் திறந்து இங்கிலீசில் சொல்ல, கையில் இருந்த போனில் இருந்து ஒரு ஆம்பிளைக் குரல் தமிழில் வந்தது. "தயவுசெய்து பயப்பட வேண்டாம். தாமதத்திற்கு வருந்துகிறேன்." செய்தி வாசிக்கிறவர் குரல், ஆனால் ஆளில்லை. நான் முக்காட்டை இழுத்து விட்டுக் கொண்டேன். ஏன் என்று ஹெலனுக்கு அப்போது விளங்கவில்லை. பிறகு விளங்கி, தன் மகளின் போனை வாங்கிப் பெண் குரல் வருமா என்று தட்டிப் பார்த்தாவாம், வரவில்லையாம். அன்றிலிருந்து அந்த ஆளில்லாத மனிசன்தான் எனக்கும் ஹெலனுக்கும் நடுவில்.

நான் இறங்கின இடமும் அவவின் தோட்டத்தின் ஓரம்தானாம். மகளின் வீடு அந்தத் தோட்டத்துக்குள், வரிசைகள் முடிகிற இடத்தில் இருந்தது. பகல் வெயிலில் இருந்து உள்ளே கால் வைத்தேன், ஒன்றும் தெரியவில்லை. எல்லா யன்னலிலும் கறுப்புப் பொலித்தீன் ஒட்டிக் கிடந்தது. ஆணி அடித்திருந்தது. இத்தாவில் திரை போடுவோம், இப்படி அடைப்பதில்லை. "உம்மா" என்று குரல் வந்தது. எங்கே இருந்து என்று தெரியாமல் கையை நீட்டிக் கொண்டு நின்றேன். ஒரு குளிர்ந்த கை என் கையைப் பிடித்தது.

கண் பழகினதும் முகத்தைக் கண்டேன். என் மகள் வெள்ளை இல்லை, மாநிறம். நான் கண்ட முகம் உரித்த பனங்கிழங்கு மாதிரி இருந்தது. தொளதொள என்று ஒரு வெள்ளை உடுப்பு. முப்பத்தைந்து வயதுப் பெண், கட்டிலின் ஓரத்தில் கையை மடியில் குவித்து வைத்துக் கொண்டு, உடைகிற சாமானைச் சுமக்கிற மாதிரி இருந்தாள். அழவில்லை. நான்தான் அழுதேன்.

அடுத்து வந்த நாட்களில் எனக்குச் சமையல்தான் வேலை. அங்கத்தைய அரிசி சோறாகாமல் களியானது. பூசணிக்காய் மட்டும் நம்மட மாதிரி. மீன் பெட்டியில் ஐஸாகக் கிடக்கும், அதற்குக் கடல் மணமே இல்லை. ஹெலன் ஒரு நாள் சூப் கொண்டு வந்து, அதில் இறைச்சி இல்லை என்று காட்ட வெறும் பைக்கற்றையும் கொண்டு வந்தா. மகள் எதையும் ஒழுங்காகத் தின்னவில்லை. மாங்காய் அச்சாறு மட்டும் போத்தலோடு குறைந்து கொண்டே போனது. நான் கண்டும் யோசிக்கவில்லை.

அவள் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள், பெட்டிகள் இன்னும் தொங்குதா என்று. அது என்ன பெட்டி என்று நானும் கேட்டேன். ஹெலன் தோட்டம் வைத்திருப்பதோடு திராட்சையை ஆராய்கிறவவும்தானாம். திராட்சைக்கு நிறம் தோலில் எப்படி வருகிறது, வெளிச்சம் இல்லாவிட்டால் வருமா என்று பார்க்க, காய் பிடித்த உடனே சில குலைகளுக்குப் பெட்டி கட்டியிருக்கிறார்கள். வெளியே வெள்ளை, உள்ளே கறுப்பு. காற்றுப் போகும், வெளிச்சம் போகாது. அவ்வளவையும் கட்டினது மருமகன். "கடைசிப் பெட்டியக் கட்டக்குள்ளதான் உம்மா அவர் விழுந்த" என்றாள். "அதுக்குப் பிறகு ஒருத்தரும் அதைத் திறந்து பாக்கல்ல."

பகலில் ளுஹர் தொழுதுவிட்டு இருக்கும்போது சுவருக்கு வெளியே டக், டக் என்று கேட்கும். மகள் தலையைச் சரித்துக் கேட்டுக் கொண்டிருப்பாள். "அவர் பெட்டியெல்லாம் சரியா இரிக்கா எண்டு பாக்கார்" என்பாள், தேத்தண்ணி ஊற்றவா என்று கேட்கிற குரலில். நான் வெளியே போய்ப் பார்ப்பேன். காற்றுக்குப் பெட்டி கம்பியில் முட்டுகிற சத்தம்தான். சில நேரம் காற்று இருக்காது.

ஹெலனோடு ஒரு தரம் வரிசைக்குள் நடந்தேன். காலை வெயில் விழுகிற பக்கத்து இலைகளை மட்டும் கிள்ளி விட்டிருந்தார்கள், குலையில் வெளிச்சம் படட்டும் என்று. பின்னேரப் பக்கத்து இலையைத் தொடவில்லை. அந்த வெயில் கூடச் சுட்டால் தோல் வெந்து நிறம் கெட்டுவிடுமாம். ஒரு பழத்தைப் பிதுக்கிக் காட்டினா. தோல் கறுப்பு, உள்ளே தண்ணி மாதிரி. நிறம் முழுக்கத் தோலில்தான். எனக்கு இது புதினம். நெசவுக்குச் சாயம் போட்ட நூலை நாங்கள் நிழலில்தான் காயப் போடுவோம். வெயில் நிறத்தைத் தின்னும் என்றுதான் எனக்குத் தெரியும். ஊட்டும் என்று தெரியாது.

பெட்டியொன்றைக் காட்டி ஹெலன் சொன்னதை அந்த ஆளில்லாத குரல் தமிழில் சொன்னது: "இந்தக் குலைகள் பிறந்ததிலிருந்து சூரியனைப் பார்த்ததே இல்லை." வெடி வெடித்தது. பருந்து கத்தினது. எனக்கு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

இத்தா முடிகிற நாள் வந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி தலையில் தண்ணி வார்க்கச் சுடுநீர் வைத்தேன். நான் கொண்டு போன கத்தரிப்பூ நிறச் சீலையை எடுத்து வைத்தேன். தேங்காய்ப்பால் ரின் உடைத்துப் பாச்சோறு ஆக்கினேன். கட்டுநாயக்கவுக்குப் பிளேனில் இரண்டு பேருக்கும் இடம் போட்டாகிவிட்டது. அஸர் தொழுகைக்கு முந்தி மகளைக் கூப்பிட்டேன். அவள் கட்டிலை விட்டு எழும்பவில்லை.

"எனக்கு இன்னும் முடியல்ல உம்மா" என்றாள்.

கணக்குப் பிழை என்று நினைத்தேன். பிறைக் கணக்கையும் கலண்டர்க் கணக்கையும் சொல்லிக் காட்டினேன். தலையை மட்டும் ஆட்டினாள். பொலித்தீனைக் கிழிக்கப் போனேன். நான் வந்த நாள் முதல் மெல்லக் கதைத்த பிள்ளை அப்போதுதான் சத்தம் வைத்தாள்.

"திறக்காதீங்க. திறந்தா பழுதாப் போயிரும்."

என்னது பழுதாகும் என்று கேட்டேன். அந்த இருட்டில் அவளின் இரண்டு கண்ணும் மட்டும் தெரிந்தன. அவளில் ஏதோ ஏறியிருக்கிறது என்றுதான் என் புத்திக்குப் பட்டது. தண்ணி ஓதி ஊதித் தெளித்தேன். முகத்தில் விழுந்த தண்ணியைத் துடைக்காமல் என்னைப் பார்த்துக் கொண்டிருந்தாள். ஆக்கின பாச்சோறு ஆறித் தோல் பிடித்தது. பிள்ளையை அங்கே விட்டுவிட்டு வெறுங்கையோடு ஊருக்கு வருவதை நினைத்துப் பார்த்தேன். ரிக்கற்றைக் கிழித்துப் போடவும் துணிவில்லை.

அடுத்த நாள் காலை அவளாகக் கூப்பிட்டாள். இன்றைக்குப் பெட்டி திறக்கிறார்கள், ஹெலன் கதவடியில் வந்து சொல்லிவிட்டுப் போனா என்றாள். "நீங்க போய்ப் பாத்திட்டு வாங்க உம்மா. அவர் கட்டின பெட்டிக்குள்ள நிறம் வந்திரிக்கா எண்டு பாருங்க. உள்ளதை உள்ளபடி சொல்லோணும். எனக்கெண்டு பொய் சொல்லப்படாது."

போனேன். வலையைத் தூக்கி விட்டிருந்தார்கள். ஹெலனும் இன்னும் இரண்டு வேலைக்காரப் பெண்களும் நின்றார்கள். ஒருத்தரும் சிரித்துக் கதைக்கவில்லை. அது மருமகனின் கை வேலை என்று அவர்களுக்கும் தெரியும். ஹெலன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு முதல் பெட்டியின் நாடாவை வெட்டினா.

குலை முழுதாக இருந்தது. ஒரு பழம் உதிரவில்லை, ஒன்று அழுகவில்லை. எல்லாம் வெள்ளை. பச்சையும் இல்லை, வெள்ளையென்றால் வலையில் பட்டு ஐந்தாறு நாள் கடலில் கிடந்த மீனின் கண் மாதிரி. பக்கத்தில் அதே கொடியில் பெட்டி கட்டாத குலை நாவற்பழம் போலக் கறுத்துக் கிடந்தது. இரண்டாவது பெட்டி, அதுவும் வெள்ளை. மூன்றாவதும் வெள்ளை. நான் ஒவ்வொன்றுக்கும் பிஸ்மி சொல்லிக் கொண்டு நின்றேன். அவள் கேட்டால் என்ன சொல்வேன்.

அந்த வரிசையின் கடைசியில் ஒரு பெட்டி. மூடியின் ஒரு பக்கம் சரியாகப் பொருந்தாமல் நீக்கல் விட்டிருந்தது. ஹெலன் அதைத் தொடாமல் கொஞ்ச நேரம் நின்றா. கேட்கத் தேவையிருக்கவில்லை, அவர் கடைசியாகக் கட்டினது அதுதான் என்று எனக்கு விளங்கிவிட்டது. திறந்தா. குலை வெள்ளை. ஆனால் அந்த நீக்கலுக்கு நேரே ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு, மேலிருந்து கீழே, பழத்துக்குப் பழம் தாவி வந்திருந்தது. மற்றப் பக்கமெல்லாம் வெள்ளை. ஒருத்தர் மை தொட்ட விரலை இழுத்துக் கொண்டு விழுந்த மாதிரி இருந்தது. ஒரு பெண் அழுதுவிட்டாள். நான் கையை வைத்துப் பார்த்தேன். பழம் குளிர்ந்து கிடந்தது.

மகளிடம் போகத் திரும்பினேன். ஹெலன் என் கையைப் பிடித்து நிறுத்தினா. அடுத்த வரிசையிலும் பெட்டி இருக்கிறது, அது வேறு இனத்துத் திராட்சை என்று போன் சொன்னது. அதையும் வெட்டினா.

உள்ளே கறுப்பு. வெளியே இருந்த குலையை விட ஒரு சொட்டு மங்கல், அவ்வளவுதான். மற்றதைத் திறந்தா, அதுவும் கறுப்பு. ஒரு கீற்று வெளிச்சம் காணாமல் உள்ளுக்குள்ளே இருந்து நிறம் எடுத்திருந்தது. எனக்கு முதலில் கண்டதை விட இதுதான் பயமாக இருந்தது. ஆர் அதுக்குள் போய் நிறம் கொடுத்தது.

ஹெலன் நீளமாக விளங்கப்படுத்தினா, அந்தக் குரல் அங்கங்கே தடுமாறினது. நான் விளங்கிக் கொண்டது இதுதான். சில இனத்துக்குத் தோலில் வெளிச்சம் பட்டே ஆக வேண்டும். சில இனம் பருவம் வந்தால் இருட்டிலும் தானே நிறம் எடுக்கும். எது எப்படியென்று முளையிலேயே எழுதிக் கிடக்கிறது. ஆனால் இரண்டுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. பெட்டிக்குள் இருந்தது குலை மட்டும்தான். இலை எப்போதும் வெயிலில்தான் நின்றது. இலை வெயிலைத் தின்று காம்பு வழியாக அனுப்பினதால்தான் குலை இருட்டுக்குள் பிழைத்தது. கொடியை முழுதாக மூடினால் எந்த இனமும் மிஞ்சாது. "கொடிக்கு வெளிச்சம் வேண்டும்" என்று அந்தக் குரல் முடித்தது.

வீட்டுக்குப் போய் அந்த இருட்டில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். வெள்ளையைச் சொன்னபோது அவள் தன் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்தாள். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கினது. அச்சாறும் தொளதொளத்த உடுப்பும் நான் தண்ணி தெளித்த கோலமும் ஒன்றாக வந்து நெஞ்சில் விழுந்தன.

"எத்தின மாசம் மகள்?"

"அவர் மௌத்தாக முந்தியே இரிந்திரிக்கி உம்மா. அவருக்கும் தெரியா, எனக்கும் தெரியா."

புருசன் மௌத்தானவள் பிள்ளைத்தாச்சி என்றால் நாலு மாதம் பத்து நாளோடு இத்தா முடியாது, பெறுமட்டும் இருக்க வேண்டும். அவள் சொன்னது சரி. நான்தான் தண்ணி வார்க்கப் போயிருக்கிறேன்.

அவளுக்கு முந்தி இரண்டு தரம் தங்கிக் கலைந்தது எனக்குத் தெரியும். இரண்டு தரமும் ஊருக்குச் சொன்ன கையோடு போனது. அதனால் இந்த முறை கண்ணூறு பட விடக் கூடாது என்று ஒருத்தருக்கும் சொல்லவில்லை, டொக்டருக்கும் காட்டவில்லை. பார்த்தால் போய்விடும், வெளிச்சம் பட்டால் போய்விடும் என்று தன்னைத் தானே பெட்டி கட்டி வைத்திருக்கிறாள். ஆனால் அதற்கும் மேலே ஒரு பயம் அவளைத் தின்று கொண்டிருந்தது. அதை என் காதுக்குள்தான் சொன்னாள்.

"உம்மா, ஒரு துடிப்பும் இல்ல. இந்நேரம் துடிக்கோணும்தானே. உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியா."

கறுத்த குலைகளைப் பற்றிச் சொன்னேன். இலையைப் பற்றிச் சொன்னேன். குலை இருட்டில் இருக்கட்டும் மகள், கொடியையும் சேர்த்து மூடிப் போட்டிரிக்காய் என்றேன். வெளியே டக், டக் என்று கேட்டது, பெட்டியெல்லாம் கழற்றின பிறகும். இரண்டு பேரும் கேட்டோம். இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

பிறகு அவளாக எழும்பிப் போய்க் குசினி யன்னலின் பொலித்தீனை ஒரு மூலையில் உரித்தாள். வெயில் ஒரு துண்டு விழுந்தது. அவள் அதற்குள் கையை நீட்டிப் பார்த்தாள். நரம்பெல்லாம் தெரிந்தது.

இத்தாவில் இருக்கிறவள் வைத்தியத்துக்கு வெளியே போகலாம். ஹெலனிடம் நான்தான் கேட்டேன், வாழ்க்கையில் முதல் தரம் ஒரு அந்நிய மனுசியிடம் வாய் திறந்து ஒன்று கேட்டேன். "என் மகளுக்குப் பிள்ளை" என்று சொல்ல, அந்தக் குரல் அதை இங்கிலீசில் சொன்னது. ஹெலன் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிப் பிடித்தா. பிக்கப்பில் பின் இருக்கையில் மகளை ஹபாயாவும் முகமூடியும் போட்டு இருத்திக் கொண்டு போனோம். தோட்டத்தைத் தாண்டுமட்டும் அவள் கண்ணை மூடிக் கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்தது ஒரு பெண்பிள்ளைதான். அந்த அறையிலும் திரையை இழுத்து இருட்டாக்கினார்கள். மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக் கொண்டு, "நீங்க பாருங்க உம்மா" என்றாள். நான் பார்த்தேன். கறுப்பில் சாம்பல் மழை பெய்கிற மாதிரி ஒன்று. அதற்குள் ஒன்றும் அசையவில்லை. அந்தப் பெண்பிள்ளை கருவியை அங்கே வைத்தா, இங்கே வைத்தா. முகத்தில் ஒரு குறிப்பும் இல்லை. கதைக்கவும் இல்லை. அந்த மௌனத்தில் நான் வெள்ளைக் குலைகளை எண்ணிக் கொண்டு நின்றேன்.

பிறகு ஒரு குமிழைத் திருகினா. சத்தம் வந்தது. விடியக் காலையில், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், போட் ஒன்று கரைக்கு வருகிற சத்தம் போல. நிற்காமல் வந்து கொண்டே இருந்தது. மகள் திரும்பவில்லை. அவள் தோள் மட்டும் குலுங்கினது.

இளங்கொடி, அதுதான் நஞ்சுக்கொடி, வயிற்றின் முன்பக்கம் கிடப்பதால் துடிப்பு வெளியே தெரியவில்லையாம், பிள்ளை சுகமாம். தாய்க்குத்தான் இரத்தமும் காணாது, வெயிலும் காணாது என்று மருந்து எழுதித் தந்தார்கள். ரிக்கற்றைத் தள்ளிப் போட்டோம். இப்போது வீட்டுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத வேலிக்குள் காலை வெயிலில் கதிரை போட்டு அவள் இருக்கிறாள். நான் பக்கத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன். தோட்டத்துப் பழமெல்லாம் வெட்டி ஏற்றிப் போய்விட்டார்கள், பருந்தும் கத்துவதில்லை. டக், டக் மட்டும் இடைக்கிடை கேட்கிறது.

படித்தவர்கள் தயவு செய்து இதை ஒருக்காச் சரி பாருங்கள். எந்தத் திராட்சை இருட்டில் நிறம் எடுக்கும், எது எடுக்காது என்பதை நான் மாறி விளங்கியிருந்தால் திருத்திப் போடுங்கள். அதை விட முக்கியமாக இன்னொன்று இருக்கிறது. பிள்ளை பிறக்கிற அந்த நேரத்தோடேயே இத்தாவும் முடிந்துவிடும், நாற்பது நாள் கழியக் காத்திருக்கத் தேவையில்லை என்று என் தாய் சொல்லக் கேட்ட ஞாபகம். அப்படியென்றால் தாயும் பிள்ளையும் ஒரே நேரத்தில்தான் வெளியே வருவார்கள். அது சரிதானா என்று மார்க்கம் தெரிந்த ஆரிடமாவது கேட்டு எனக்குச் சொல்லி அனுப்புங்கள். அவள் பெற முந்தி எனக்குத் தெரிய வேண்டும்.